வாசகர் கேள்வி - பதில்: ஃபிஜி மண்ணின் மக்களும் அவர்களுடைய திருச்சபையும்

ஃபிஜித் தீவுகளின் ஆதிக்குடிகளான இதௌக்கேய் மக்கள், அவர்களுடைய வழக்கங்கள், கிறிஸ்தவ விசுவாசம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஃபிஜி என்றதும் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அந்த மண்ணுக்கு உரியவர்கள் யார்? எல்லோரும் கிறிஸ்தவர்களா?
— மதுரை வாசகர்

இதௌக்கேய் என்பது அவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் பெயர். 2007 கணக்கெடுப்பில் நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 57 சதவீதம். ஏறக்குறைய எல்லோருமே கிறிஸ்தவர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மெதடிஸ்ட் சபை. மற்றவர்கள் கத்தோலிக்கர், அசெம்ப்ளிஸ் ஆஃப் காட், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் முதலான சபைகளைச் சேர்ந்தவர்கள்.

அவர்களுடைய வாழ்க்கை மூன்று கால்களில் நிற்கிறது என்பார்கள்: வனுவா, லோத்து, மத்தனித்து. வனுவா என்றால் நிலம் மட்டும் அல்ல. நிலம், அதில் புதைந்திருக்கும் முன்னோர், அதில் வாழும் குலம், அதன் தலைவர் எல்லாம் சேர்ந்தது. லோத்து என்பது கிறிஸ்தவ வழிபாடும் சபையும். மத்தனித்து அரசாங்கம். நாட்டின் நிலத்தில் சுமார் 87 சதவீதம் மத்தாங்கலி எனப்படும் குலக்குழுக்களுக்குச் சொந்தம். அதைக் குத்தகைக்கு விடலாம், விற்க முடியாது. நிலம் கைமாறாததால் ஊர் கலையவில்லை. ஊர் கலையாததால் சபையும் ஊரின் வடிவத்திலேயே வளர்ந்தது. மற்ற பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் திறவுகோல்.

வரைபடத்தில் ஒரு விதமாக எழுதியிருக்கிறது, அந்த ஊர்க்காரர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். எப்படி வாசிப்பது?
— கோயம்புத்தூர் கல்லூரி மாணவி

1830-களில் வந்த மெதடிஸ்ட் மிஷனரிகள் அமைத்த எழுத்துமுறை அது. ஒரு ஒலிக்கு ஒரே எழுத்து என்பது விதி. ஆங்கில ‘பி’யை (b) ‘ம்ப’ என்றும், ‘டி’யை (d) ‘ந்த’ என்றும், ‘ஜி’யை (g) ‘ங’ என்றும், ‘க்யூ’வை (q) ‘ங்க’ என்றும் வாசிக்க வேண்டும். ‘சி’ (c) வந்தால் ஆங்கிலத்தில் ‘தட்’ (that) என்னும் சொல்லின் முதல் ஒலி. அதனால் விமான நிலையம் உள்ள ஊர் ‘நடி’ அல்ல, நாந்தி. கம்பு, பந்து, சங்கு என்று சொல்லிப் பழகிய நமக்கு இவை எளிதில் வரும்.

அடுத்த ஆண்டு ஃபிஜி போகிறோம். ஒரு கிராமத்தையாவது பார்க்க ஆசை. எதை எடுத்துப் போக வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
— திருச்சி வாசகர்

முதலில் செவுசெவு. ஊருக்குள் நுழைய அனுமதி கேட்டு வைக்கும் காணிக்கை அது. சந்தையில் அரைக் கிலோ யாங்கோனா வேர் வாங்குங்கள். ஃபிஜிக்கு வெளியே ‘காவா’ என்று சொல்லும் செடியின் வேர்தான் அது. பொடியாகவும் கிடைக்கும்; ஆனால் சடங்கில் வைக்க முழு வேர்க்கட்டுதான் மரியாதை. கடைக்காரரிடம் ‘செவுசெவுவுக்கு’ என்று சொன்னால் வேர்களை ஒழுங்காக அடுக்கி, செய்தித்தாளில் சுற்றி, நாடா கட்டித் தருவார். ‘வாக்கா’ என்னும் பக்கவேர் உயர்ந்தது, விலையும் கூடுதல். ‘லெவேனா’ என்னும் அடித்தண்டு மலிவு. வாக்காவையே கேளுங்கள்.

முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். ஊர் எல்லையில் துராங்கா நி கோரோ என்னும் ஊர் நிர்வாகியோ, அவர் அனுப்பிய ஆளோ வந்து அழைத்துப் போவார். எல்லைக்கு முன்பே தொப்பியையும் குளிர்கண்ணாடியையும் கழற்றிவிடுங்கள். தோளில் மாட்டிய பையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் தலையை மூடும் உரிமை தலைவருக்கு மட்டுமே என்பதால் மற்றவர் மூடுவது அவமரியாதை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஆண்கள் கால்சட்டைக்கு மேல் சுலு என்னும் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். பெண்களுக்குப் புடவையோ சல்வாரோ போதும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, குனிந்து உள்ளே போய், காட்டும் இடத்தில் பாயில் உட்காருங்கள். ஆண்கள் சம்மணமிட்டு, பெண்கள் கால்களை ஒருபக்கம் மடக்கி. பாதம் யாரையும் நோக்கி நீளக் கூடாது. வேர்க்கட்டைக் கையில் கொடுக்காமல் தலைவருக்கு முன்னால் தரையில் வையுங்கள். நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு என்பதை உங்களை அழைத்து வந்தவர் சொல்வார். தலைவரின் சார்பாகப் பேசும் மத்தனிவனுவா அந்தக் கட்டைத் தொட்டு ஏற்று, பதில் சொல்வார். அந்தப் பேச்சில் குலப்பெயர்களும் வரும், கடவுளின் ஆசியும் வரும். உள்ளங்கைகளைக் குழித்துக்கொண்டு ஆழ்ந்த ஓசையோடு எல்லோரும் கைதட்டுவார்கள். அதோடு ஊர் உங்கள் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அன்றைக்கு உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் அது ஊரின் குறை.

சறுக்கும் இடங்கள் சில. ஞாயிற்றுக்கிழமை சுற்றிப்பார்க்கப் போவது. துக்கம் நடக்கும் ஊருக்குச் சொல்லாமல் போவது. செல்லமாகக் குழந்தையின் தலையைத் தடவுவது. மற்றவர் உட்கார்ந்திருக்கும்போது நின்றுகொண்டு பேசுவது. குறுக்கே போயே ஆகவேண்டும் என்றால் குனிந்து, ‘துலோ’ என்று மெல்லச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரு பொருளை அளவுக்கு மீறிப் புகழாதீர்கள். அதைத் தூக்கி உங்களிடம் கொடுத்துவிட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வந்துவிடும். வேருக்குப் பதிலாகப் பணம் நீட்டுவது எல்லாவற்றையும்விட மோசம்.

காவா போதைப்பொருள் என்கிறார்கள். போதகரே குடிப்பாராமே! கிறிஸ்தவர்கள் எப்படி ஒப்புக்கொள்கிறார்கள்?
— பாளையங்கோட்டை வாசகி

காவா நம் வெற்றிலைக்கும் மிளகுக்கும் நெருங்கிய உறவுச் செடி. புளிக்கவைப்பதில்லை, அதில் சாராயம் இல்லை. உதடும் நாக்கும் மரத்துப்போகும், உடல் தளரும், பேச்சு அடங்கும். குடித்துவிட்டுக் கூச்சல் போடுபவரைப் பார்ப்பது அரிது.

நன்றாகக் காய்ந்த வேரை இடித்து, துணியில் முடிந்து, பச்சைத் தண்ணீரில் பிசைந்து பிழிவார்கள். வெந்நீர் ஆகாது, வேரில் உள்ள மாவுச்சத்து கஞ்சிபோலத் தடித்துவிடும். கலக்கும் பாத்திரம் தனோவா. ஒரே மரத்தில் கடைந்தது, கால்கள் உண்டு. அதிலிருந்து நீளும் தென்னைநார்க் கயிறு தலைவரை நோக்கி இருக்கும். அந்தக் கயிற்றுக்கும் தலைவருக்கும் நடுவே யாரும் நடக்கக் கூடாது. கொட்டாங்கச்சிக் கிண்ணம் உங்களிடம் வரும்போது ஒருமுறை கைதட்டி, ‘புலா’ என்று சொல்லி வாங்கி, ஒரே மூச்சில் குடித்துக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு மூன்று தட்டு. கொஞ்சம் போதும் என்றால் ‘லோ டைட்’, அதாவது கடல் வற்றிய நேரம், என்று சொல்லலாம். அங்கே எல்லோருக்கும் புரியும். முதல் கிண்ணத்தை ஏற்றுக்கொண்டால் மரியாதை நிறைவேறிவிடும், அடுத்ததை மறுக்கலாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தூக்க மருந்து எடுப்பவர்கள் முன்பே சொல்லிவிட்டு விலகிக்கொள்வது நல்லது. மதுவோடு சேர்க்கவே கூடாது. குடித்த பின் வண்டி ஓட்டக் கூடாது.

மெதடிஸ்ட் போதகர்கள் பலர் குடிக்கிறார்கள். சமாதானம் பேசுவதும் கல்யாணம் பேசுவதும் போதகரை வரவேற்பதும் தனோவாவைச் சுற்றித்தான் என்பதால் சபை அதை விலக்கவில்லை. பெந்தெகொஸ்தே சபையினரும் அட்வென்டிஸ்டுகளும் பெரும்பாலும் குடிப்பதில்லை. அட்வென்டிஸ்ட் ஊர் என்றால் செவுசெவுவுக்கு என்ன கொண்டுவரலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சடங்குக்கு ஒரு கிண்ணம் என்பது வேறு, இரவு முழுக்கத் தினமும் குடிப்பது வேறு. தோல் செதில்செதிலாக உரிந்து, காலையில் வயலுக்குப் போக முடியாமல், வீட்டுக் காசும் கரைகிறது. இந்தக் கவலை சபைக்குள்ளேயே பலமாக இருக்கிறது. அது நியாயமான கவலை.

வெள்ளைக்காரர் வந்து மதம் மாற்றினார்கள், அவ்வளவுதானே?
— ஈரோடு வாசகர்

இல்லை. முதலில் வந்து தங்கியவர்கள் தீவுக்காரர்கள். 1830-இல் லண்டன் மிஷன் அனுப்பிய டஹீட்டி ஆசிரியர்கள் கிழக்கே லாவ் தீவுகளில் இறங்கினார்கள். 1835 அக்டோபர் 12 அன்று வில்லியம் கிராஸ், டேவிட் கார்கில் என்னும் இரு மெதடிஸ்ட் மிஷனரிகள் டோங்காவிலிருந்து லக்கெம்பா தீவுக்கு வந்தார்கள். தொடக்கத்தில் அவர்களுடைய சபையில் பெரும்பாலோர் அங்கே குடியேறியிருந்த டோங்கர்களே. 1838-இல் வந்த ஜொயெலி புலு என்னும் டோங்காக்காரர் 1877-இல் இறக்கும்வரை ஃபிஜியிலேயே ஊழியம் செய்தார். அவரைப் போன்றவர்கள் போன ஊர்கள் பல, வெள்ளை மிஷனரிகள் போனவை சில. ஜான் ஹண்ட் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1847-இல் வெளிவந்தது.

பெருந்தலைவர்கள் பலர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அசையவில்லை. தலைவர் மாறாமல் குலம் மாறாது, பெரிய தலைவர் மாறாமல் சிறிய தலைவர் மாறமாட்டார். பாவ் தீவின் தாக்கொம்பாவ்தான் அப்போது மிகப் பெரியவர். போர்களில் அவர் கை தளர்ந்திருந்த நேரத்தில், ஏற்கெனவே கிறிஸ்தவரான டோங்கா அரசர் முதலாம் ஜார்ஜ் துப்போ மனம் மாறும்படி கடிதம் எழுதினார். 1854 ஏப்ரலில் தாக்கொம்பாவ் லோத்துவை ஏற்றார். அடுத்த ஆண்டு காபா போரில் டோங்காப் படையின் துணையோடு வென்றார். தோற்றவர்களைக் கொல்லாமல் மன்னித்ததுதான் அன்றைக்கு எல்லோரையும் வியக்கவைத்தது. அதற்குப் பிறகு ஊர் ஊராக மாறினார்கள். அரசியலும் விசுவாசமும் அதில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. தாக்கொம்பாவ் ஞானஸ்நானம் பெற்றது 1857-இல்தான். பல மனைவியரை விட்டு ஒருவரோடு முறைப்படி மணம் செய்துகொள்ளும்வரை மிஷனரிகள் காத்திருந்தார்கள்.

பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1874-இல் ஃபிஜி பிரிட்டிஷாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1875-இல் தட்டம்மை வந்து சுமார் 40,000 பேரைக் கொண்டுபோயிற்று. அதே ஆண்டில், பாதி ஊர் துக்கத்தில் இருந்தபோது, ஃபிஜி ஆசிரியர்கள் தாங்களாக முன்வந்து, இன்றைய பாப்புவா நியூ கினியில் உள்ள நியூ பிரிட்டன் தீவுக்கு மிஷனரிகளாகப் புறப்பட்டார்கள். ஆபத்து என்று எச்சரித்த பிறகும் போனார்கள். 1878-இல் அவர்களில் நால்வர் அங்கே கொல்லப்பட்டார்கள். நற்செய்தி தங்களுக்கு வந்த வழியிலேயே அதை அடுத்த தீவுக்குக் கொண்டுபோன இவர்களைப் பற்றி நம் சபைகளிலும் பேச வேண்டும்.

பழைய தெய்வங்கள் என்ன ஆயின?
— தஞ்சாவூர் வாசகர்

ஊருக்கு ஊர் குலமுன்னோர்த் தெய்வங்கள் இருந்தன. எல்லோருக்கும் மேலே தெங்கேய் என்னும் பாம்புத் தெய்வம், நகவுவாந்த்ரா மலைக் குகையில். உயரமான மண்மேட்டில் கூர்ங்கூரையோடு நின்ற கோயில் புரெக்கலோ. அதன் பூசாரி பெத்தே மீது தெய்வம் இறங்கிப் பேசும். யாங்கோனா அன்று பெரும்பாலும் பூசாரிக்கும் தலைவர்களுக்கும் உரியது. பொதுமக்கள் எல்லோரும் குடிப்பது பின்னால் வந்தது.

கோயில்கள் இடிக்கப்பட்டன. பழைய நம்பிக்கை உடனே போகவில்லை. தட்டம்மைச் சாவுக்குப் பிறகு, நாட்டின் பெரிய தீவான விட்டி லெவுவின் மலைமக்கள் புதிய மதத்தைத் துறந்து 1876-இல் ஆயுதம் எடுத்தார்கள். காலனி அரசு அவர்களை அடக்கியது. 1880-களில் நவோசவக்கந்துவா என்னும் தீர்க்கதரிசி எழுந்தார். தெங்கேயின் வழிவந்த இரட்டையர்களான நாதிரிகவுமோலி, நகவுசம்பரியா ஆகியோரே வேதாகமத்தில் யெகோவாவாகவும் இயேசுவாகவும் வருகிறார்கள், வெள்ளையர் அதை மறைத்துவிட்டார்கள் என்றார். உலகம் தலைகீழாகும், முன்னோர் திரும்பி வருவார்கள் என்றார். அரசு அவரை ரொத்தூமா தீவுக்கு நாடு கடத்தியது. மூட நம்பிக்கை என்று இதைத் தள்ளிவிடுவது தவறு. வேதாகமத்தைத் தங்கள் மலையிலிருந்து வாசிக்க முயன்ற மக்கள் அவர்கள்.

இன்றைக்குக் கடவுளைக் குறிக்கும் சொல் ‘கலோ’. அன்றைய தெய்வங்களுக்கும் அதே சொல்தான்.

மனித மாமிசம் சாப்பிட்டார்கள் என்பது உண்மையா? மிஷனரியையே தின்றார்களாமே!
— சேலம் வாசகர்

உண்மை. அகழாய்வுச் சான்றும் இருக்கிறது. பசிக்காக அல்ல, போரில் வீழ்ந்த எதிரியையும் அவன் குலத்தையும் முற்றாக இழிவுபடுத்தும் சடங்கு அது. பாவ் தீவில் பலியானவர்களின் தலையை மோதிய கல், இன்றைக்கு அங்குள்ள தேவாலயத்தில் ஞானஸ்நானத் தொட்டியாக இருக்கிறது. அதைத் தூக்கி எறியாமல் பீடத்தின் பக்கம் வைத்துக்கொண்டது அவர்களுடைய துணிவு.

நீங்கள் கேட்ட மிஷனரி தாமஸ் பேக்கர். 1867 ஜூலை 21 அன்று மலைப்பகுதியில் நம்புத்தவுத்தவு ஊரில், உடன்சென்ற ஏழு ஃபிஜி கிறிஸ்தவர்களோடு கொல்லப்பட்டார். தலைவரின் முடியிலிருந்து சீப்பை எடுத்ததால் நடந்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். வலுவான காரணம் வேறு. பாவ் தீவின் ஆதிக்கமும் அதோடு ஒட்டிவந்த லோத்துவும் மலைக்குள் வரக் கூடாது என்று நினைத்தவர்கள், அவரைக் கொல்லச் சொல்லித் திமிங்கலப் பல் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பல்லை ஏற்றுக்கொண்டவர் கேட்டதைச் செய்தே ஆக வேண்டும். வெள்ளையர் பெயர் மட்டும் நிலைத்து, உடன் இறந்த ஏழு பேரின் பெயர் வழக்கொழிந்தது வருத்தம் தரும் செய்தி.

தங்கள் ஊர் முன்னேறாததற்கு அந்தக் கொலையின் சாபமே காரணம் என்று நம்பிய அந்த ஊர் மக்கள், 2003 நவம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து பேக்கரின் வழித்தோன்றல்களை வரவழைத்து, திமிங்கலப் பற்களும் பாய்களும் வைத்து மன்னிப்புக் கேட்டார்கள். அந்தச் சடங்கின் பெயர் இ சோரோ.

ஞாயிறு ஆராதனையில் கலந்துகொள்ள வெளியாருக்கு அனுமதி உண்டா? நம் சபைகளிலிருந்து என்ன வித்தியாசம்?
— நாகர்கோவில் வாசகி

தாராளமாகப் போகலாம். தலைநகர் சுவாவில் தங்கியிருந்தால் சென்டெனரி மெதடிஸ்ட் ஆலயம் நகர நடுவிலேயே இருக்கிறது. கிராமம் என்றால் தங்கும் வீட்டாரோடு போங்கள்.

முக்கிய ஆராதனை பெரும்பாலும் காலை 10 மணிக்கு, பிற்பகலில் இன்னொன்று. மணிக்குப் பதில் லலி. அடிமரத்தைக் குடைந்து செய்த அந்த முரசை இருவர் தடித்த கழிகளால் அடிப்பார்கள். பழைய நாளில் போரையும் சாவையும் அறிவித்த கருவி அது. முதலில் அடித்தால் தயாராகுங்கள் என்று பொருள்; கடைசியாக அடிக்கும்போது உள்ளே இருக்க வேண்டும். ஆண்கள் பாக்கெட் வைத்துத் தைத்த சுலு, சட்டை, டை. பெண்கள் சுலு ஜம்பா என்னும் நீண்ட இரண்டு அடுக்கு உடை. ஊர்த்தலைவருக்கு முன்னால் தனி இருக்கை. குழந்தைகள் ஒரே இடத்தில் உட்கார, நீண்ட குச்சியோடு ஒரு பெரியவர் பார்த்துக்கொள்வார். குருப்பட்டம் பெற்ற போதகர் தலதலா. அவர் பல ஊர்களுக்குப் பொறுப்பு என்பதால் அன்றாடம் ஊரை நடத்துபவர் வக்கத்தவா என்னும் உபதேசியார். பிரசங்கம் பல வாரம் ஊர்க்காரரான தௌவுனாவ் ஒருவருடையதாக இருக்கும்.

பாட்டுக்காகவே போகலாம். ஆர்கன் இல்லை, கீபோர்டு இல்லை. ஒருவர் சுருதி எடுத்துக் கொடுத்ததும் சபை முழுவதும் நான்கு குரல்களாகப் பிரிந்து பாடும். சிறுவயது முதல் பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து தன் குரலைப் பிடித்துக்கொள்வதுதான் பயிற்சி. ஆண்டுதோறும் நடக்கும் சபை மாநாட்டில் பாடகர் குழுக்களின் போட்டிக்கு மாதக்கணக்கில் ஒத்திகை நடக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஃபிஜியின் ரக்பி அணி நாட்டின் முதல் தங்கத்தை வென்றதும் வீரர்கள் வட்டமாக நின்று நான்கு குரலில் பாமாலை பாடியது இந்தப் பழக்கத்தால்தான். நாட்டின் சின்னத்திலேயே ‘தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்’ என்னும் பேதுரு நிருபத்தின் கருத்து பொறித்திருக்கிறது.

காணிக்கைக்கு 5 அல்லது 10 ஃபிஜி டாலர் நோட்டு போதும். அவர்களுக்கோ ‘சோலி’ எனப்படும் சபைக் காணிக்கை பெரிய பாரம். சில நாட்களில் குடும்பம் குடும்பமாகப் பெயர் கூப்பிட்டு, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று சபை முன் வாசிப்பார்கள். பள்ளிக் கட்டணத்தை ஒதுக்கிவிட்டுக் கொடுப்பவர்களும், கடன் வாங்கிக் கொடுப்பவர்களும் உண்டு. குலத்துக்குக் கொடுப்பதில் பின்வாங்கக் கூடாது என்ற பழைய மானம் அப்படியே சபைக் காணிக்கைக்கு வந்துவிட்டது. ஏழையின் வீட்டுச் சமையலை நிறுத்தும் காணிக்கை சரியல்ல என்பதே எங்கள் கருத்து.

படம் எடுக்க வக்கத்தவாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்த பிறகும் அன்று முழுவதும் ஊரில் கடலில் குளிப்பது, மீன்பிடிப்பது, துணி காயப்போடுவது எதுவும் கூடாது.

அங்கே மண்ணுக்குள் சமைப்பார்களாமே? நாமும் செய்யலாமா?
— பொள்ளாச்சி வாசகி

செய்யலாம். பெயர் லோவோ. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் உணவு தயாராக இருக்க அதிகாலையிலேயே மூட்டிவிடுவார்கள்.

20 பேருக்கு ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் குழி. உள்ளே விறகை அடுக்கி, மேலே தேங்காய் அளவுக் கற்கள் நாற்பது ஐம்பது. கல்லில்தான் கவனம் வேண்டும். ஆற்றிலிருந்து எடுத்த ஈரக்கல் சூட்டில் வெடித்துச் சிதறும்; நன்கு காய்ந்த கருங்கல் போதும், முதல் அரை மணி நேரம் யாரும் கிட்டே நிற்க வேண்டாம். ஒன்றரை மணி நேரத்தில் கல்லின் கரி எரிந்து வெளுக்கும். எரியாத கட்டைகளை வெளியே இழுத்துவிடுங்கள். ஒன்று உள்ளே கிடந்தாலும் உணவில் புகை ஏறிவிடும். கல்லைச் சமப்படுத்தி, பச்சைத் தென்னை மட்டைகளைக் குறுக்கே போடுங்கள். அடியில் பெரிய இறைச்சித் துண்டுகள், அதன் மேல் முழுக் கோழி, தோலுரித்த சேப்பங்கிழங்கு, மரவள்ளி. எல்லாவற்றுக்கும் மேலே பலுசாமி என்னும் சேம்பிலைப் பொட்டலம். வாழை இலையை மூன்று நான்கு அடுக்கு மூடி, நனைத்த சாக்கு விரித்து, மண் தள்ளுங்கள். எங்காவது ஆவி வந்தால் அங்கே இன்னும் மண். இரண்டு முதல் இரண்டரை மணி நேரம்.

பலுசாமிக்கு ஒரு பொட்டலத்துக்கு ஐந்து இளம் சேம்பு இலை. காம்பும் தடித்த நரம்பும் நீக்கி, கிண்ணம்போல் அடுக்கி, நறுக்கிய வெங்காயம், உப்பு, 100 மில்லி கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி மடித்து, வாழை இலையில் கட்டுங்கள். அவர்கள் டின் மாட்டிறைச்சி சேர்ப்பார்கள், சேர்க்காமலும் சுவைதான். தொண்டை அரித்தால் இலை வேகவில்லை என்று பொருள். இலையில் உள்ள ஊசிப் படிகங்கள் அரைவேக்காட்டில் அடங்காது. முற்றிய இலையைத் தவிர்த்து, நேரத்தைக் குறைக்காமல் இருங்கள்.

துக்க வீட்டில் நூறு நாள் வழக்கம் என்று படித்தேன். அதற்கும் கடலுக்கும் என்ன தொடர்பு?
— தூத்துக்குடி வாசகர்

சாவு கேட்டதும் உறவுக்குழுக்கள் ஒவ்வொன்றாகத் திமிங்கலப் பல், பாய், யாங்கோனாவோடு வந்து வைப்பது ரெங்குரெங்கு. இரவுகளில் ஜெபம், பாட்டு. அடக்கம் முடிந்ததும் ‘புருவா’ விருந்து. நான்காம் இரவு ஒரு சடங்கு, நூறாம் இரவு பெரிய சடங்கு. ஆண்டு முடிவில் துக்கத்துணி களைவார்கள்.

பெருந்தலைவர் இறந்தால் ஊருக்குரிய பவளப்பாறையின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பு நிறுத்தப்படும், நூறு இரவோ அதற்கு மேலோ. திறக்கும் நாளில் போதகர் ஜெபம் செய்ய, கிடைத்த மீன் விருந்துக்குப் போகும். இந்த வழக்கத்தையே கடல் வளம் காக்கவும் பயன்படுத்தினார்கள். விட்டி லெவுவின் கிழக்கே உத்துனிவனுவா கிராமத்தில் 1997-இல் 24 ஹெக்டேர் சேற்றுக்கடலை மூன்று ஆண்டுகள் மூடி, அருகிவந்த சிப்பிகளைப் பெருக்கினார்கள். அது நாடு முழுக்கப் பரவியது. அரசு சட்டத்தைவிட, தலைவர் விதித்து, சபையில் ஜெபித்து வைத்த தடையை மீற ஆட்கள் அதிகம் தயங்குகிறார்கள். சீக்கிரம் திறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. பள்ளிக்கோ ஆலயத்துக்கோ பணம் தேவை என்று ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் வாரிவிட்டால் மூடியிருந்த ஆண்டுகள் வீண்.

இந்தியர்களுக்கு எதிரான ஆட்சிக் கவிழ்ப்பில் சபைக்கும் பங்கு இருந்ததா?
— சென்னை வாசகர்

இருந்தது. 1879 மே 14 அன்று லியோனிதாஸ் கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். 1916 வரை சுமார் 60,000 பேர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. ஃபிஜித் தமிழர்களின் வேர் அங்கேதான். 1926-இல் நாந்தியில் சாது குப்புசுவாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகள் நடத்துகிறது.

1987 மே 14 அன்று ராணுவ அதிகாரி சிதிவேனி ரம்புகா, இந்தியர் பலர் அமைச்சர்களாக இருந்த அரசைக் கவிழ்த்தார். மெதடிஸ்ட் சபையின் செல்வாக்கு மிக்க பகுதியினர் அவரை ஆதரித்தார்கள். அவ்வாண்டே இரண்டாம் கவிழ்ப்புக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வியாபாரம், விளையாட்டு, போக்குவரத்து எல்லாவற்றையும் தடை செய்த ஆணை வந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. பின்னால் அது தளர்ந்து நீங்கியது. பல்லாயிரம் இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். எதிர்த்த போதகர்களும் சபைக்குள் இருந்தார்கள். வனுவாவும் லோத்துவும் ஒன்றாக இறுகிய இடத்தில், அந்த நிலத்தில் பிறந்தும் குலத்தில் பிறக்காதவனுக்கு இடமில்லாமல் போகும். அந்த அமைப்பின் மிகப் பெரிய குறை அதுவே. 2013 அரசியல் சட்டம் நாட்டை மதச்சார்பற்றது என்று அறிவித்தது.

2023 மே 14 அன்று, ஒப்பந்தக் கூலிகளின் வருகையை நினைவுகூரும் கிர்மித் நாள் முதன்முறையாகப் பொது விடுமுறையான ஆண்டில், பிரதமராகியிருந்த அதே ரம்புகா 1987-க்காக இந்திய வம்சாவளியினரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். மெதடிஸ்ட் சபைத் தலைமையும் அதே மேடையில் இ சோரோ முறைப்படி மன்னிப்புக் கேட்டது. குத்தகை நிலம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் எஞ்சியிருக்கும் சிக்கல்கள் சடங்கால் மட்டும் தீரா. ஆனால் அவர்களுடைய மரபில் மன்னிப்புக் கேட்க இதைவிட உயர்ந்த வழி இல்லை என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

நினைவுப் பொருளாகத் திமிங்கலப் பல் வாங்கி வரலாமா?
— வேலூர் வாசகர்

வேண்டாம். தம்புவா எனப்படும் அது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் பல். அழியும் உயிரின வணிகத்துக்கான உலக உடன்படிக்கையில் முழுப் பாதுகாப்பு பெற்றது. அம்பர்கிரிஸ் கடத்தல் வழக்குகளில் நாம் கேள்விப்படும் அதே திமிங்கலம்தான். இந்தியச் சட்டமும் அதைக் காக்கிறது. இரு நாட்டு அனுமதியும் இல்லாமல் கொண்டுவந்தால் பறிமுதலோடு வழக்கும் வரும். அதற்கு மேல், அது கல்யாணத்திலும் சாவிலும் மன்னிப்பிலும் கைமாறிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். நம் வீட்டு அலமாரியில் அதற்கு வேலை இல்லை. மரப்பட்டைத் துணியான மாசி வாங்குங்கள், தாழை ஓலைப் பாய் வாங்குங்கள். இரண்டும் நன்றாகக் காய்ந்ததா, பூச்சி அரித்த தடம் இல்லையா என்று பார்த்து, வாங்கிய ரசீதோடு வையுங்கள். விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவியுங்கள்.